யார் பக்கமும் சாயாத வீடு

கண்ணு,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் வீட்டுக்கு யாராவது வந்துவிடுகிறார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நம் ஊரை விட்டு வந்து தங்கியிருக்கும் இந்தத் திருப்பதியில் என் வாசலுக்கு வருகிறவர்கள் வழி கேட்கிறவர்கள் மட்டும்தான். ரயிலை விட்டு இறங்கி, மலைக்குப் பஸ் எங்கே நிற்கும், மொட்டை போட எங்கே போவது என்று வராத தெலுங்கில் தடுமாறுவார்கள். நான் தமிழில் பதில் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். "நீங்களும் நம்ம ஊருங்களா?" என்பார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் சிரித்து அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வேன். அப்புறம் மறுநாள் வரை பேச்சு இல்லை.

நீ போயிருக்கும் நாடு நம் சித்தூர் ஜில்லா அளவுதான் இருக்கும் என்று எழுதியிருந்தாய். விடுதலை வாங்கி அதிக காலம் ஆகவில்லை. ஒரு பெரிய நாடு அதற்குத் துறைமுகம் கட்டித் தருகிறேன் என்கிறது. இன்னொரு பெரிய நாடு கப்பலில் அரிசியும், கூடவே போர் விமானமும் தருகிறேன் என்கிறது. இரண்டும் கடைசியில் கேட்பது ஒன்றையேதான்: நீ எங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா? அந்த ஊர் இளம் அமைச்சர் ஒருநாள் மாலை உன் வீட்டுக்கு வந்து, "உங்கள் நாடு இத்தனை வருஷம் எந்தக் கூட்டத்திலும் சேராமல் நின்றதே, அதில் உங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டாராம். தூதரகத்தில் சொல்லிக் கொடுத்த பதிலை நீ சொன்னாயாம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார், அன்றிலிருந்து மனசு சரியில்லை அம்மா என்று எழுதியிருந்தாய்.

நான் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. உலக நடப்பு எனக்கு ரேடியோவில் காதில் விழுந்த அளவுதான். ஆனால் அந்த அமைச்சர் கேட்ட கேள்வியை நான் முன்பே ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். நம் வீட்டிலேயே, உன் நைனாவிடம், கோபமாகக் கேட்டேன். அதைப் பற்றி உன்னிடம் நான் பேசியதே இல்லை. அப்போது நீ சின்னப் பிள்ளை. வளர்ந்த பிறகு நீ ஊரில் தங்கவே இல்லை.

ஆந்திரா தனி மாநிலமானபோது புத்தூருக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில் இருக்கும் நம் ஊர் ஆந்திராவில் விழுந்தது. நம் ஊரில் தமிழ்த் தெரு ஒன்று, தெலுங்குத் தெரு ஒன்று, ஏரிக்கு அந்தப் பக்கம் காலனி. ஏரிக்குத் தண்ணீர் வருவது மேற்கே மலையடியிலிருந்து, தெலுங்கு ஊர்கள் வழியாக வரும் கால்வாயில். விளைந்ததை விற்பது கிழக்கே ஊத்துக்கோட்டைச் சந்தையில். அது மதராஸ் மாநிலம். மேற்கு மூடினால் பயிர் காயும், கிழக்கு மூடினால் விளைந்தது வீட்டிலேயே புழுத்துப் போகும். கோடு இன்னும் முடிவாகவில்லை, எல்லை மாறலாம் என்று பேச்சு எழுந்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் ஊருக்கு நடையாய் நடக்க ஆரம்பித்தார்கள். தமிழ்ப் பக்கத்துக்குத் தலைமை தாங்கி வந்தவன் என் அண்ணன், உன் மாமன் துரைசாமிதான். திருத்தணிக்குப் பக்கத்து ஊர் அவனுக்கு. வடக்கு எல்லைக்காகப் போராடி ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவன். தெலுங்குப் பக்கத்துக்குக் கேசவுலு. மேலூர்க்காரர். கால்வாய் மதகு அவர் ஊரில்தான் இருந்தது. உன் நைனாவுக்குச் சின்ன வயசிலிருந்து சிநேகிதர். சந்தைக்குப் போகும்போது நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

இரண்டு பேரும் உன் நைனாவைத்தான் தேடி வந்தார்கள். அவர் பெரிய பணக்காரர் இல்லை. ஆனால் இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரியும், இரண்டு தெருவிலும் அவர் பேச்சை நின்று கேட்பார்கள். அண்ணன் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சும் தமிழ்ப் புத்தகங்களும் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். கேசவுலு ஆட்களைக் கூட்டிவந்து தூர்ந்துபோயிருந்த கால்வாயை வெட்டிக் கொடுத்தார். உன் நைனா இரண்டையும் வாங்கிக்கொண்டார். ஒளித்து வாங்கவில்லை. பெஞ்சு வந்த அன்று கேசவுலுவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். கால்வாய் வெட்டின அன்று அண்ணனுக்கு ஆளனுப்பினார். இரண்டு பேருக்கும் ஊர் நடுவில் கும்பிடு போட்டு நன்றி சொன்னார். வாக்கு மட்டும் கொடுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து நாம் கோதுமை வாங்குவதையும் ரஷ்யாவிடம் இரும்பாலை வாங்குவதையும் பற்றி ரேடியோவில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெஞ்சும் கால்வாயும்தான் ஞாபகத்துக்கு வரும்.

எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ் வகுப்பை எடுத்துவிடப் போகிறார்கள், இனி எல்லாம் தெலுங்கில்தான் என்று ஒவ்வொரு பள்ளிக்கூடமாகச் செய்தி வந்துகொண்டிருந்த காலம். என் வேலை போகும். அது போனாலும் பரவாயில்லை, நான் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் ஒரு வரி எழுதத் தெரியாமல் வளரும். அண்ணன் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது. இன்றும் அதில் பாதி நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் நல்லவனா இருந்துக்கினு நீங்க இன்னாத்த கண்டீங்க? நாளைக்கி ஒரு ஆபத்துன்னா எவன் வந்து நிப்பான்?"

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார். "எவன் பக்கம் போனாலும் இன்னொருத்தன் கதவ மூடிடுவான். நமக்கு ரெண்டு கதவும் தெறந்து இருக்கணும். நீ கேக்கறதும் சரிதான். ஆபத்துன்னா எவனும் வர மாட்டான். அதுவும் தெரிஞ்சிதான் இருக்கேன்."

அப்புறம் எல்லை விஷயமாக ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளும் அதிகாரி ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அண்ணன் ஒரு லாரி நிறைய ஆட்களோடு வந்திருந்தான். கேசவுலு பக்கம் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. கொடி, கோஷம், தூசி. அதிகாரி உன் நைனாவைப் பார்த்து, ஊர் எந்த மாநிலத்தில் இருக்க விரும்புகிறது என்று கேட்டார். 

"மேல இருந்து தண்ணி வரணும் சார். ஊத்துக்கோட்ட சந்தைக்கி வண்டி போவணும். இந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டு பாஷையும் நடக்கணும். இத எழுதிக்கினீங்கன்னா எல்லக் கோட்ட எங்க வேணா போடுங்க" என்றார்.

"நான் கேட்டது அதில்லை. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"எங்களுக்கு வேண்டியது இதுதான் சார்."

கூட்டத்தில் முதலில் கத்தியது என் அண்ணன்தான். "துரோகி" என்ற சொல்லைத் தமிழில் அவன் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அதே சொல் தெலுங்கிலும் கேட்டது. இரண்டு மொழியிலும் அது ஒரே சொல்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கூச்சலில் காலனியிலிருந்து வந்து ஓரமாக நின்றிருந்த முனியம்மா முன்னால் வந்தாள். நிலம் இல்லாதவள், நம் வயலில் நாற்று நடுகிறவள். அதிகாரியிடம், "எந்த ராஜ்ஜியம் வந்தா நாங்க தெருக் கெணத்துல தண்ணி மொண்டுக்கலாம் சாமி? அத சொன்னா நான் அந்தப் பக்கம் கைநாட்டு வெக்கிறேன்" என்றாள்.  அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து நம் வீட்டுக்கு யாரும் வரவில்லை. கேசவுலு சந்தைக்குப் போகும்போது வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். உனக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தோம். மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன், வரவில்லை. மறுபடி நானே பஸ் ஏறிப் போய்க் கூப்பிட்டேன். "ஒம் புருஷன் எங்க ஆளும் இல்ல, அவுங்க ஆளும் இல்ல. எம் மடியில ஒக்கார வெக்கிறதுக்கு மட்டும் நாங்க வோணுமா?" என்றான். அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவும் அவளுக்குப் பயம். கடைசியில் என் மடியில்தான் உட்கார்ந்தாய். நீ அழுதது காது வலிக்காக. நான் எதற்காக அழுதேன் என்று உன் நைனாவுக்குத் தெரியும். அவர் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை அடித்த அடியில் ஏரிக்கரை உடைந்தது. மேலூரில் மதகை இறக்கினால் தண்ணீர் வரத்துக் குறையும், கரையை அடைத்துவிடலாம். இறக்கவில்லை. கரைக்கு முதலில் ஓடி வந்தது காலனி ஜனம். முனியம்மா மூட்டை மூட்டையாக மண் சுமந்து போட்டாள். அவளுக்கு அந்த ஏரிக்குக் கீழே ஒரு காணி நிலம் கிடையாது. உன் நைனா மழையோடு மேலூருக்கு ஓடினார். கேசவுலு வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றார். கேசவுலு உள்ளே வா என்று சொல்லவில்லை. "நுவ்வு மா மனிஷிவா?" என்று கேட்டாராம். நீ எங்கள் ஆளா என்று.

"ஒங்க ஆளு இல்ல கேசவுலு. ஒங்க ஊருக்குக் கீழ இருக்கிற ஊரு ஆளு" என்றிருக்கிறார் இவர்.

கேசவுலு உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் இங்கே பாதிப் பயிர் மணலுக்கடியில் போய்விட்டது. ஆனால் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்களோடு போய் மதகை இறக்கினார். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன் கண்ணு. நாம் அவர்கள் ஆளாக இருந்திருந்தால் கேட்காமலே இறக்கியிருப்பார்கள். எதிராளியாக இருந்திருந்தால் எத்தனை கெஞ்சியும் இறக்கியிருக்க மாட்டார்கள். யார் பக்கமும் சாயாமல் நின்றதால் கிடைத்தது அவ்வளவுதான்: உதவி வந்தது, தாமதமாக வந்தது. சீனாக்காரன் மலை தாண்டி வந்த அந்த வருஷம் உன் நைனா ரேடியோப் பெட்டியை விட்டு நகரவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? யாரும் ஓடி வரவில்லை, நாமே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தபோது, "மழையில நிக்கறாங்க பாவம்" என்றார். யாரை என்று நான் கேட்கவில்லை.

மழை நின்ற பிறகு அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். முனியம்மா கேட்டதற்குப் பதில் சொல்ல இன்னொரு ராஜ்ஜியம் வர வேண்டியதில்லை, நாமே சொல்லலாம் என்று தெருக் கிணற்றைக் காலனிக்கும் விட வேண்டும் என்றார். எல்லை விஷயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த தமிழ்த் தெருவும் தெலுங்குத் தெருவும் அன்றுதான் ஒன்று சேர்ந்தன, அவரை எதிர்க்க. அதற்கு மறு கோடையில் முனியம்மா அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். சும்மா விடவில்லை, போலீஸ் வந்து நின்றுதான் இறைக்க முடிந்தது. அதற்குப் பிறகு ஊர்க் கூட்டத்துக்கு இவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். உலகச் சபையில் சின்ன நாடுகளுக்கும் சம மரியாதை வேண்டும் என்று நீங்களெல்லாம் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பேசுவதற்கு முன்னால் சொந்தக் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டு அமைச்சரிடமும் இதைச் சொல். துறைமுகம் யார் கட்டினாலும் அதில் மூட்டை தூக்கப் போகிறவர்களை அவர் கேட்டாரா?

கடைசியில் கோடு போட்டார்கள். அண்ணன் ஊர் மதராசுக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கு வந்தன. நம் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. கால்வாயை யாரும் மூடவில்லை, சந்தைக்கு வண்டி போயிற்று, பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ் வகுப்பு நான் ஓய்வு பெறும் வரை நடந்தது. அவர் கேட்டது எல்லாம் கிடைத்தது என்று சொல்லலாம். அவரால்தான் கிடைத்தது என்று நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியாது. ஊரும் நாடும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்கு மேலே ஒரு சர்க்கார் இருந்தது, ஆளுக்கு ஆள் வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது. நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் இல்லையே. அதனால் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டு போய் அங்கே பொருத்தாதே. நடுவில் நிற்பது என்றால் கை கட்டிக்கொண்டு சும்மா நிற்பதில்லை, இரண்டு வீட்டு வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பது என்பதை மட்டும் எடுத்துக்கொள். கால் ஓய்ந்தவனுக்கு அது ஆகாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

கோடு போட்டு முடிந்த பிறகு, உன் நைனா கால்வாய் விஷயமாகச் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் வர வேண்டியவர், வரவில்லை. மறுநாள் மத்தியானம் வரை வரவில்லை. நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். மத்தியானத்துக்கு மேல், வர வேண்டிய திசைக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கினார். சட்டையெல்லாம் கசங்கி இருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"எங்க போயிருந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

"வரதய்யபாளையம் போயிட்டேன். பேசிக்கினே போயிட்டேன்" என்றார்.

கலெக்டர் ஆபீசு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரோடு பேச்சு. பெயர் சுப்பிரமணி. வரதய்யபாளையத்துக்கு அருகில் ஒரு ஊர்க்காரர். அவர் ஊர் மதராசில் இருந்து ஆந்திராவுக்கு மாறின ஊர். அங்கேயும் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து கேட்டிருக்கிறார்கள். சுப்பிரமணியும் எந்தப் பக்கமும் வாக்குக் கொடுக்கவில்லை. அவருடைய தம்பியே அவரோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். நம் ஊர் வந்தது, உன் நைனா இறங்கவில்லை. பேச்சு முடியவில்லை. சுப்பிரமணி வீட்டுக்கே போய், இருந்து, பேசிவிட்டு வந்திருக்கிறார்.

அன்றைக்கு முழுக்க உன் நைனா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தாளு நான் சொல்றதுக்கு முன்னாடியே புரிஞ்சிக்கினான். இத்தனி வருசமா நாலு ஊரு தள்ளி ஒக்காந்துக்கினு இருந்திருக்கான். எனக்குத் தெரியல பாரு. இதே மாதிரி இன்னும் எத்தனி ஊர்ல எத்தனி பேர் தனியா ஒக்காந்துக்கினு இருந்தாங்களோ. நாங்க ஒருத்தர ஒருத்தர் தேடியிருக்கணும். ரெண்டு பெரியவங்க வாசலையே பாத்துக்கினு இருந்துட்டோம்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் முடிந்தபோதெல்லாம் பார்த்துக்கொண்டார்கள். அதிக காலம் கொடுத்து வைக்கவில்லை. உன் நைனா போன அன்று தகவல் தெரிந்து சுப்பிரமணி வந்தார். சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். என் அண்ணனும் வந்தான், கேசவுலுவும் வந்தார். ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர்களில் அன்று அழுதது சுப்பிரமணி ஒருவர்தான்.

உன்னிடம் சொல்லியாக வேண்டும். அத்தனை வருஷம் அவரோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்தேன். அவர் தனியாக இருக்கிறார் என்பது, அவர் வேறு ஒருவரோடு பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கின அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இப்போது இந்த ஊரில் என் பேச்சைக் கேட்க ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் மனிதர் இருந்தும் பேச்சுத் துணை இல்லாமல் அவர் எப்படி இருந்தார் என்று புரிகிறது.

பெரிய நாடுகளின் வாசலுக்கு நீ போகத்தான் வேண்டும், அது உன் வேலை. ஆனால் நீ இருக்கும் நாட்டுக்குப் பக்கத்திலேயே, அதே மாதிரி இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் நிற்கிற சின்ன நாட்டுக்காரர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெரியவர்களின் வாசலையே பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். கூட்டம் முடிந்ததும் காரில் ஏறிவிடாதே. அவர் பக்கத்தில் போய் உட்கார். உன் ஊர் வந்துவிட்டால்கூட இறங்காதே.

அம்மா